பெரியக்காவுக்குத் தொண்டை கட்டிய நாள்

ஒலிப்பதிவாளர்: ...கதவை முழுசா சாத்து. பாதி சாத்தினா கீழ போற லாரிச் சத்தமெல்லாம் உள்ள வந்து உக்காந்துக்கும்.

பாடகி: சாத்திட்டேன் அண்ணே. இப்ப இந்த அறையில நீங்க, நான், உங்க சாப்பாட்டு டப்பா. போதுமா?

ஒலிப்பதிவாளர்: டப்பா பக்கம் கண்ணு போகக் கூடாது. நாலு டேக் முடிச்சு இப்பத்தான் ஹெட்போனைக் கழட்டினேன். மூணு மணிக்கு வயலின்காரங்க வந்துடுவாங்க.

பாடகி: உங்க சோத்துல கை வைக்க வரல. இதைப் படிங்க.

ஒலிப்பதிவாளர்: கையெல்லாம் எண்ணெய். நீயே படி. ஊரெல்லாம் உன் குரலுக்குக் காத்துக்கிடக்குது, எனக்கு உக்காந்த எடத்துல கெடைக்குது.

பாடகி: பெரியக்காவைப் பத்தி வர்ற புத்தகம் இது. அச்சுக்குப் போகுறதுக்கு முந்தி எனக்கு ஒரு அத்தியாயம் மட்டும் அனுப்பியிருக்காங்க. தலைப்பைக் கேளுங்க... "குரல் உடைந்த நாள்." என்னண்ணே, வாயில போட்டதை முழுங்காம இருக்கீங்க?

ஒலிப்பதிவாளர்: காரம். படி.

பாடகி: "அன்று மதியம் ஒலிப்பதிவுக்கு வந்த அந்தப் பெரும் பாடகியால் ஒரு வரிகூடப் பாட முடியவில்லை. அவரது வீழ்ச்சி அன்றுதான் தொடங்கியது. மாதிரிக்குப் பாடி வைத்திருந்த ஒரு புதுப்பெண்ணின் குரலே பாட்டில் நிலைத்துவிட்டது." அந்தப் புதுப்பெண்ணு யாருன்னு அடுத்த பக்கம் பூரா எழுதியிருக்காங்க. புகழ்ந்து தள்ளியிருக்காங்க.

ஒலிப்பதிவாளர்: நல்லாத்தானே இருக்கு.

பாடகி: நல்லா இருக்கா!

ஒலிப்பதிவாளர்: எழுத்து நல்லா இருக்குன்னேன்.

பாடகி: வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. முதல் பிரதியை மேடையில நான்தான் வாங்கணுமாம். பெரியக்கா முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. "வீழ்ச்சி"ன்னு அச்சடிச்ச புத்தகத்தை அவங்க கண்ணு முன்னாடி சிரிச்சுக்கிட்டே வாங்கணும் நான்.

ஒலிப்பதிவாளர்: அவங்க அதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

பாடகி: திருத்தம் இருந்தா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணுமாம். அதான் ஓடி வந்தேன்.

ஒலிப்பதிவாளர்: திருத்த என்ன இருக்கு? அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பாடல. நீ காலையில பாடினது நின்னுச்சு. ஊருக்கே தெரிஞ்ச கதை.

பாடகி: அந்த ஊருக்குத் தெரிஞ்ச கதையை முதல்ல இருந்து ஒரு தடவ சொல்லுங்க.

ஒலிப்பதிவாளர்: நீயும்தான் இருந்தே.

பாடகி: காலையில நான் இருந்தேன். மதியம் நீங்கதான் இருந்தீங்க.

ஒலிப்பதிவாளர்: முதல்ல இருந்துன்னா பஸ் ஸ்டாண்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும், பதினேழு.

பாடகி: இந்த வயசுலயும் அந்தப் பேரை விட மாட்டீங்களா?

ஒலிப்பதிவாளர்: எப்படி விடுவேன்? "பதினேழாம் நம்பர் வண்டி, மூணாவது மேடையில இருந்து இன்னும் ரெண்டு நிமிஷத்துல புறப்படும்"னு ஒரு குரல். நான் ஏற வேண்டிய வண்டியே அதுதான். மேடையில நிக்கிறேன். வண்டி கெளம்புது. நான் ஏறல. அடுத்த அறிவிப்பு எப்ப வரும்னு அண்ணாந்து அந்தக் கூம்பு ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

பாடகி: அப்புறம் வந்து என் கண்ணாடிக் கூண்டைத் தட்டினீங்க. வண்டியை விட்டுட்டு சண்டை போட வந்த ஆளுன்னு நெனச்சேன்.

ஒலிப்பதிவாளர்: "பாடுவியாம்மா"ன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

பாடகி: "விசாரணை அடுத்த கவுன்ட்டர்"னு சொன்னேன்.

ஒலிப்பதிவாளர்: திரும்பிக்கூடப் பாக்கல!

பாடகி: அண்ணே, காலையில அஞ்சு மணிக்கு ஷிப்ட். ஒரு மணி வரைக்கும் நூத்தி நாப்பது வண்டி. ஒரு நம்பர் மாத்திச் சொன்னா நாப்பது பேரு வேற ஊருக்குப் போயிடுவாங்க. நாலு வருஷம் அந்தக் கூண்டுக்குள்ள. மைக்கை மூடிட்டு ரெண்டு வண்டிக்கு நடுவுல பாடிப் பாப்பேன். அதிகபட்சம் ஒரு பல்லவி. அதுக்குள்ள ஒரு வண்டி வந்துடும்.

ஒலிப்பதிவாளர்: அதான் உனக்கு நேரம் அவ்வளவு சுத்தம். தாளம் போட்டுக் கத்துக்கிட்டவங்ககூட உன்ன மாதிரி கணக்கா வந்து விழ மாட்டாங்க. பாட்டுக்கு இசை போட்ட மாஸ்டரே சொல்லுவாரு... "இந்தப் பொண்ணு பாட்டுக்குள்ள வண்டி விடுற மாதிரி வர்றா"ன்னு.

பாடகி: மாஸ்டர் சொன்னாரா? என்கிட்ட சொன்னதே இல்லையே.

ஒலிப்பதிவாளர்: உன்கிட்ட சொன்னா தலைக்கனம் ஏறிடும்னு சொல்லல.

பாடகி: சரி, பேச்சை மாத்தாதீங்க. அன்னிக்குக் காலையில...

ஒலிப்பதிவாளர்: அன்னிக்குக் காலையில பல்லுவலின்னு மேலதிகாரிகிட்ட பொய் சொல்லிட்டு வந்தே. கன்னத்துல கைக்குட்டையக் கட்டிக்கிட்டே மாடி ஏறி வந்தே.

பாடகி: வழியில யாராவது பாத்துட்டா?

ஒலிப்பதிவாளர்: மைக் முன்னாடி வந்தும் கழட்டலையே! நான்தான் கழட்டச் சொன்னேன். அப்புறம் பாடினே. பெரியக்கா மதியம் வந்து கேட்டுப் பாடறதுக்காக மாதிரிக்கு ஒரு டிராக். அவ்வளவுதான் உன் வேலை. அவங்க பாடினதும் உன் குரலை எடுத்துடுவோம்.

பாடகி: தெரிஞ்சுதான் பாடினேன்.

ஒலிப்பதிவாளர்: தெரிஞ்சும் அப்படிப் பாடினே பாரு... சரி. மூணாவது சரணத்துல அந்த நீள வரி. அதுல மட்டும் நடுவுல மூச்சு வாங்கிட்டே.

பாடகி: முடியல அண்ணே. மூணு தடவ பாத்தேன்.

ஒலிப்பதிவாளர்: அப்புறம் மாஸ்டர் தயாரிப்பாளர் ஆபீசுக்குப் போயிட்டாரு, நாலு மணிக்கு வர்றேன்னு. உதவிக்கு இருந்தவங்க சாப்பிடப் போனாங்க. பெரியக்கா சொன்ன நேரத்துக்கு முன்னாடியே, ரெண்டரைக்கு வந்துட்டாங்க. மைக்கிட்ட போனாங்க. ரெண்டு வரி முனகிப் பாத்தாங்க. தொண்டை வரல. மாஸ்டர் வந்தப்போ கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "இந்தப் பொண்ணு பாடினதையே வெச்சுக்குங்க"ன்னாங்க. டேப்பு சாயங்காலமே மிக்சிங்குக்குப் போயாகணும். மாஸ்டருக்கு வேற வழியில்ல. முடிஞ்சுது கதை.

பாடகி: நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க.

ஒலிப்பதிவாளர்: நடந்தத சொல்ல எதுக்கு மனப்பாடம்?

பாடகி: ரெண்டு வரிதான் முனகினாங்களா?

ஒலிப்பதிவாளர்: ரெண்டு... இல்ல, மூணு இருக்கும்.

பாடகி: அண்ணே, அதுக்கு முந்தின வாரம் அவங்க இதே கட்டடத்துல ஒரே நாள்ல ரெண்டு பாட்டுப் பாடினாங்க.

ஒலிப்பதிவாளர்: தொண்டை என்ன சொல்லிட்டா கட்டும்? விடு. நடந்தது நல்லதுக்குத்தானே. அந்தப் பாட்டுல ஜனங்க எதுக்கு விழுந்தாங்க? நீ மூச்சு வாங்கின எடத்துக்கு. அழுகைய அடக்குற மாதிரி இருக்குன்னு எத்தன பேரு எழுதினாங்க!

பாடகி: எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. ஆனா மாஸ்டர் அந்த வரியப் போட்டது ஒரே மூச்சுக்கு. பெரியக்கா அதை எங்கயும் நிறுத்தாம கொண்டுபோயி, கடைசி எழுத்துல லேசா சிரிக்கிற மாதிரி விட்டாங்களே... அதுதான் அண்ணே அந்த வரி. நான் பாடினது அதுல பாதி.

ஒலிப்பதிவாளர்: என்ன சொன்னே?

பாடகி: ஒண்ணுமில்ல.

ஒலிப்பதிவாளர்: சிரிப்புன்னு சொன்னே.

பாடகி: டப்பாவ மூடுங்க அண்ணே, ஈ வருது.

ஒலிப்பதிவாளர்: அந்தச் சிரிப்பு இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். பாடினவங்களுக்கு ஒண்ணு, இந்த நாற்காலியில உக்காந்திருந்த எனக்கு ஒண்ணு. உனக்கு யாரு சொன்னா?

பாடகி: அப்ப பாடினாங்கன்னு ஒத்துக்குறீங்க.

ஒலிப்பதிவாளர்: நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

பாடகி: யாரும் சொல்லல. நானே கேட்டேன். மதியம் வீட்டுக்குக் கெளம்பி பஸ் வரைக்கும் போயிட்டேன். அப்புறம்தான் குடைய மறந்தது நெனப்பு வந்துச்சு. திரும்பி வந்தா உள்ள பதிவு நடக்குதுன்னு வாசல்ல சிவப்பு விளக்கு எரியுது. வெளிய பெஞ்சுக்கு மேல ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்குமே... முறை வர்றப்ப வாத்தியக்காரங்க எழுந்து வரட்டும்னு...

ஒலிப்பதிவாளர்: அடக் கடவுளே. அதை நான் அணைக்கல.

பாடகி: முழுப் பாட்டையும் கேட்டேன் அண்ணே. நின்னுக்கிட்டே. இப்படியும் ஒருத்தர் பாட முடியுமான்னு இருந்துச்சு. என் குரலு இந்நேரம் டேப்புல இருக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் அங்கேருந்து நகர முடியல.

ஒலிப்பதிவாளர்: இருபத்தாறு வருஷமா உனக்குத் தெரியும்!

பாடகி: மறுநாள் நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சொன்னீங்க. "உன் குரலையே வெச்சுட்டோம், அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு"ன்னு. அது பொய்யின்னு அந்த நிமிஷமே தெரியும். வாயைத் தொறந்து கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டா பாட்டு போயிடுமோன்னு பயம்.

ஒலிப்பதிவாளர்: அந்த வயசுல யாருக்குத்தான் பயம் இருக்காது?

பாடகி: அப்புறம் வயசு ஆச்சே? ஒவ்வொரு பேட்டியிலயும் "எப்படி ஆரம்பிச்சீங்க"ன்னு கேப்பாங்க. "பெரியக்காவுக்கு அன்னிக்குக் குரல் சரியில்ல, எனக்கு அடிச்சுது அதிர்ஷ்டம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன். எத்தன தடவ! இந்த அத்தியாயத்துல அடியில சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? "தகவல்: பாடகியின் பேட்டி." என் வாயில இருந்து எடுத்துத்தான் அவங்க தலையில போட்டிருக்காங்க.

ஒலிப்பதிவாளர்: ...இந்தா, தண்ணி குடி.

பாடகி: அந்தப் பாட்டு வந்தப்புறம் ஆறு மாசத்துல அவங்களுக்கு வந்த ஏழு பாட்டு கை மாறிச்சு. "அவங்க குரல் போயிடுச்சாமே"ன்னு. ஏழுல நாலு என்கிட்டதான் வந்துச்சு.

ஒலிப்பதிவாளர்: தெரியும். அதுல மூணை நான்தான் பதிவு பண்ணேன்.

பாடகி: இப்பவாவது சொல்லுங்க. என்னதான் நடந்துச்சு?

ஒலிப்பதிவாளர்: சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்மா.

பாடகி: பாதி கதை எனக்கே தெரியும். மீதிய மறைச்சு யாரக் காப்பாத்தப் போறீங்க?

ஒலிப்பதிவாளர்: ...ஒரே டேக். முன்னாடி ஒரு தடவ நீ பாடினதைக் கேட்டாங்க. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாங்க. அப்புறம் போய்ப் பாடினாங்க. சத்தம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டரைப் பாக்கவே நான் மறந்துட்டேன். முள்ளு எங்க நின்னுச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. முடிச்சுட்டு இங்க வந்து, நீ நிக்கிற எடத்துலதான் நின்னாங்க. "ரெண்டையும் போடு"ன்னாங்க. உன்னோடது, அவங்களோடது. ரெண்டையும் கேட்டாங்க.

பாடகி: கேட்டுட்டு?

ஒலிப்பதிவாளர்: "என்னோடதே இருக்கட்டும்"னு சொல்லிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

பாடகி: போயிட்டாங்களா?

ஒலிப்பதிவாளர்: போயிட்டாங்க. நானும் டேப்பை எடுத்து உறையில போட்டு பேரு எழுதிட்டேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும்... கதவு தொறக்குது. திரும்பி வந்து நிக்கிறாங்க. மூச்சு வாங்குது. கையில செருப்பு.

பாடகி: கையிலயா?

ஒலிப்பதிவாளர்: கையிலதான். வாரு அந்துடுச்சோன்னு நெனச்சேன். "என்னோடதை அழிச்சுடு"ன்னாங்க. நான் வெளையாட்டுன்னு சிரிச்சேன். அவங்க சிரிக்கல. அக்கா, இந்த மாதிரி ஒரு டேக் நான் பதிவு பண்ணதே இல்ல, இனிமே பண்ணப் போறதும் இல்லன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். "நான் பாடினது நான் பாடியாச்சு. நீ கேட்டுட்டே. போதும், அழி"ன்னாங்க.

பாடகி: அழிச்சீங்களா?

ஒலிப்பதிவாளர்: இந்த வெரலாலதான். என் தொழில்ல நான் செஞ்ச பெரிய பாவமும் அதுதான், பெரிய புண்ணியமும் அதுதான். அப்புறம்தான் சத்தியம் வாங்கினாங்க. "இது தெரிஞ்சா அந்தப் பொண்ணு ஆயுசு பூரா எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுப் பாடுவா. தொண்டை கட்டிச்சுன்னு சொல்லிடலாம்"னாங்க. நாலு மணிக்கு மாஸ்டர் வந்தாரு பாரு, இருமினாங்க... பக்கத்துல இருந்த எனக்கே சந்தேகம் வந்து வெந்நீர் எடுத்துட்டு வர ஓடினேன்!

பாடகி: ஏன் திரும்பி வந்தாங்க? கால் மணி நேரத்துல என்ன ஆச்சு?

ஒலிப்பதிவாளர்: அதுதான் எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. கேட்டேன். "உன் வேலையப் பாரு"ன்னாங்க. ...ஏய், யாருக்கு போன் பண்றே?

பாடகி: அவங்களுக்குத்தான்.

ஒலிப்பதிவாளர்: வேண்டாம்மா! நான் உளறிட்டேன்னு...

பாடகி: ஸ்பீக்கர்ல போடறேன். பேசாம இருங்க. ...பெரியக்கா? நான்தான்.

பெரியக்கா: ஏன்டி கத்தறே? குரல்தான் உடைஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. காது நல்லாத்தான் இருக்கு.

பாடகி: அப்ப அந்த அத்தியாயத்தப் படிச்சுட்டீங்களா?

பெரியக்கா: முந்தாநாளே வந்துச்சு. எழுத்துப் பிழை ரெண்டு இருந்துது. திருத்தி அனுப்பினேன்.

பாடகி: எழுத்துப் பிழையா! "வீழ்ச்சி"ன்னு போட்டிருக்காங்களேக்கா.

பெரியக்கா: அதுல எழுத்துப் பிழை இல்லையே. தொண்டை கட்டிச்சுன்னு நான் சொன்ன பொய்ய நம்பி ஒருத்தங்க எழுதினா, அவங்க மேல எப்படிக் கோவப்பட முடியும்? ...இரு. பொய்யின்னு நானே சொல்லிட்டேனா? பக்கத்துல யாரு இருக்கா?

ஒலிப்பதிவாளர்: அக்கா... நான்தான். நானா சொல்லலக்கா, சத்தியமா.

பெரியக்கா: உன் சத்தியம்தான் தெரியுதே! இருபத்தாறு வருஷம் தாங்குச்சே, உன் வாய்க்கு அதுவே பெருசு.

பாடகி: அண்ணன் மேல தப்பில்லக்கா. எனக்கு அன்னிக்கே தெரியும். வாசல்ல நின்னு நீங்க பாடினதைக் கேட்டேன். தெரிஞ்சும் இத்தன வருஷம் வாய் தெறக்காம இருந்தேன். என்னாலதான் உங்களுக்கு இந்தப் பேரு. அந்த ஏழு பாட்டு...

பெரியக்கா: எண்ணி வெச்சிருக்கியா? நான் எண்ணல.

பாடகி: நான் அஞ்சு மணிக்குள்ள அவங்ககிட்ட சொல்லிடப் போறேன். நீங்க பாடினீங்க, என்னைவிட நூறு மடங்கு நல்லாப் பாடினீங்கன்னு.

பெரியக்கா: சத்தியம் என்னத்துக்கு ஆகுறது?

பாடகி: சத்தியம் பண்ணது அண்ணன். நான் யாருக்கும் எதுவும் பண்ணிக் குடுக்கல.

பெரியக்கா: வாய் நீளம்தான்டி உனக்கு.

ஒலிப்பதிவாளர்: சொல்லட்டும்க்கா. எனக்கும் நெஞ்சுல ஒரு பாரம் எறங்கும்.

பாடகி: அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேக்கணும். வாசல்ல கேட்டப்புறம் நான் படியில உக்காந்து அழுதேன்க்கா. அதை நீங்க பாத்தீங்களா? அதைப் பாத்து எரக்கப்பட்டுத்தான் அந்தப் பாட்டக் குடுத்தீங்களா? அப்படின்னா அதையும் சொல்லிடுங்க. நான் தாங்கிப்பேன்.

பெரியக்கா: அழுதேன்னு அவன்கிட்டயும் சொன்னியா? பொய் சொல்றதுல நீ என்னைவிடக் கெட்டிக்காரி. எழுதறவங்ககிட்ட சொல்றதுன்னா முழுசாச் சொல்லு, கேட்டுக்கோ. என்னோட பாட்டே இருக்கட்டும்னு சொல்லிட்டுத்தான் நான் எறங்கினேன். அதுல எனக்கு ஒரு கூச்சமும் இல்ல, நல்லாப் பாடியிருந்தேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒருத்தி சுவரைப் பாத்து உக்காந்திருந்தா. அழறான்னு நெனச்சு நானும் பையில கைக்குட்டையத் தேடினேன். அவ அழல. நான் அப்பத்தான் பாடி முடிச்ச அந்த நீள வரியப் பாடிக்கிட்டிருந்தா. பாதியில மூச்சு தீந்து போகும். தொடையில ஒரு அடி அடிச்சுக்குவா. மறுபடியும் முதல்ல இருந்து. சத்தம் கேட்டு நிறுத்திடப் போறாளேன்னு செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். ஒன்பது வருஷம் கோரஸ்ல கடைசி வரிசை. அதுக்கப்புறம் நான் தனியா பாடின முதல் பாட்ட அழிச்சுட்டு வேற குரலப் போட்டப்போ, நான் வீட்டுக்குப் போயி இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்தவ. ரெண்டு மாசம் வாயே தொறக்கல. இவ என்னடான்னா, தன் குரலு போயிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம், கேக்க ஒரு ஈ காக்கா இல்லாத படியில உக்காந்துக்கிட்டு, வராத ஒரு வரிய வரவழைக்கப் போராடறா. எரக்கம் இல்லடி... எனக்கு உன்னைப் பாத்தாப் பயமா இருந்துச்சு. பதினோரு தடவ விட்டே. பன்னெண்டாவது தடவ, ஒரே மூச்சுல முடிச்சே. அதைக் கேட்டப்புறம்தான் நான் மேல ஏறி வந்தேன்.